உமர் ராவுத்தரின் ஆயுசுப் பத்தியம்

உமர் ராவுத்தர் இப்போதைக்குச் சாவதில்லை என்று முடிவெடுத்து ஒரு வருசம் ஆகப்போகிறது. முடிவென்றால் சும்மா வாய்ப்பேச்சு இல்லை. பாலக்காட்டுப் பக்கத்துப் புதுநகரம் ஊரே வேடிக்கை பார்க்கிற அளவுக்கு மனுசன் அதில் இறங்கிவிட்டார். முன்பெல்லாம் விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டுப் பள்ளிவாசலிலிருந்து வந்தால், பால் கெட்டியாய் ஒரு டீயும் ரெண்டு வர்க்கியும் உள்ளே போகாமல் வாயைத் திறந்து பேசமாட்டார். இப்போது வெந்நீரில் என்னமோ புளித்த தண்ணியைக் கலந்து முகத்தைக் கோணிக்கொண்டு குடித்துவிட்டு, வெள்ளை வேட்டிக்குக் கீழே ரப்பர் ஷூவை மாட்டி, ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் கைவீசி நடக்கிறார். எதிரே வருகிறவர் ஸலாம் சொன்னாலும் நிற்பதில்லை. நின்றால் நெஞ்சுத் துடிப்பு இறங்கிவிடுமாம்! பேச வேண்டுமானால் கூடவே ஓட வேண்டியதுதான்.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ஏன் இப்படி ஆனார் என்று தெரிந்தால் ஒருத்தரும் சிரிக்கமாட்டார்கள்.

ராவுத்தரைப் பெத்த அத்தா அறுபத்திரண்டு வயசில் போனார். போன வருசம் அண்ணன், அறுபத்தைந்தில். முதலமடை மாங்காய் ஷெட்டில், லோடு ஏற்றிக்கொண்டிருக்கும்போது ஒரு காலிப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, "கொஞ்சம் தண்ணி குடுடா" என்று கேட்டார். தண்ணி வருவதற்குள் போய்விட்டார். அந்த வீட்டு ஆண்களுக்கு அறுபத்தைந்து என்பது கோவிந்தாபுரம் செக்போஸ்ட் மாதிரி. அந்த வீட்டு வண்டி ஒன்றும் அதைத் தாண்டிப் போனதில்லை. உமருக்கு அப்போது அறுபத்து மூன்று நடந்துகொண்டிருந்தது.

அண்ணனுடைய நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்து ஆட்டோவில் திரும்பும்போதுதான் அது நடந்தது. பக்கத்தில் மனைவி ஐசும்மா. அவளுடைய மதினி, அண்ணனின் மனைவி, ஒரு காலத்தில் அதிகாரம் பண்ணிக் குடும்பம் நடத்தியவள். இப்போது ஒரு துணிப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த மாசம் எந்த மகன் வீடு என்று எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துவிட்டு வந்த ஐசும்மா, ஆட்டோக்காரன் முன்னால் இருக்கிறான் என்றுகூடப் பார்க்காமல் புருசன் கையைப் பிடித்தாள்.

"ஏனுங்க, என்னைய உட்டுட்டு முந்திப் போயிறாதீங்க. மதினி மாதிரி பையத் தூக்கிட்டு ஊடு ஊடாப் போக என்னால ஆகாதுங்க."

கல்யாணமாகி நாற்பது வருசத்தில் அவள் வாயைத் திறந்து ஒன்று வேண்டுமென்று கேட்டதில்லை. ராவுத்தர் வெங்காயம் வாங்கிவரச் சொன்ன மாதிரி, "செரி" என்றார். ஆனால் அந்தச் "செரி" அவரைத் தூங்கவிடவில்லை.

மறுநாளே தோஹாவில் நர்ஸாக இருக்கும் மகள் இர்ஃபானாவுக்குப் போன் போட்டார். "ஆயுசு நீளறதுக்கு என்ன கண்ணு திங்கோணும்?" என்று நேரடியாகவே கேட்டுவிட்டார். சர்க்கரையும் கொழுப்பும் கூடிப்போன அத்தாவிடம் பத்து வருசமாய்க் கெஞ்சித் தோற்றவள் அவள். சந்தோசம் தாங்கவில்லை. நடக்கச் சொன்னாள், கறியைக் குறைக்கச் சொன்னாள், ஊருக்கு வருகிற ஆட்களிடமெல்லாம் புட்டி புட்டியாய்க் கொடுத்துவிட்டாள். மீன் எண்ணெய் மாத்திரை, வைட்டமின் டி, மெக்னீசியம். "அம்மாவுக்கும் சேத்துத்தான் அனுப்பிருக்கேன் அத்தா. ஆளுக்குப் பாதி" என்றும் சொன்னாள்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ராவுத்தர் வியாபாரி. ஒரு சரக்கு நன்றாய்ப் போகிறதென்றால் பத்துச் சரக்கை இறக்கிப் பார்க்கிற கை. செல்போனில் ஒரு வெள்ளைக்காரன், அறுபது வயசை முப்பதாக்கிக் காட்டுகிறேன் என்று சட்டையைக் கழற்றிக்கொண்டு பேசினான். அவன் சொன்னதில் நாலு வந்தது. கோயமுத்தூரிலிருந்து இன்னொருவர் மூலிகை சொன்னார், அதில் மூன்று. கொலாஜன் என்று ஒரு பொடி வந்தபோது மட்டும் கொஞ்சம் தடுமாறினார். அது எந்தப் பிராணியின் தோலோ என்று சந்தேகம். மீன் தோல்தான், ஹலால்தான் என்று மகள் வீடியோ காலில் ஆணையிட்ட பிறகே புட்டியைத் திறந்தார். சமையலறை அலமாரியில் மசாலா டப்பாக்கள் ஒதுங்கிக்கொள்ள, மாத்திரைகள் வரிசை கட்டி நின்றன.

சாப்பாட்டுக்கும் நேரக்கணக்கு வந்தது. பகல் பத்துக்கு மேல்தான் முதல் சாப்பாடு, ஆறு மணிக்குப் பிறகு பச்சைத் தண்ணி மட்டும். பாலக்காட்டுக்குப் போய்க் குழி குழியாய்ப் பிரித்த ஒரு எவர்சில்வர் தட்டு வாங்கிவந்தார். பெரிய குழியில் காய், சின்னக் குழி ஒன்றில் மீனோ முட்டையோ, இன்னொன்றில் ஒரு பிடி சோறு.

அந்தத் தட்டு வந்த அன்றைக்குத்தான் இந்த வீட்டில் ஒரு பழக்கம் நின்றுபோனது. ராவுத்தருடைய வீட்டில் கல்யாணமான புதிதில் மாப்பிள்ளையும் பெண்ணும் நாற்பது நாள் ஒரே தட்டில் சாப்பிட வேண்டும். பெரிய பீங்கான் தட்டு. கூச்சம் போவதற்கு அந்தக் காலத்துப் பெண்கள் கண்டுபிடித்த வழி. அண்ணன்கூட நாற்பத்தோராம் நாள் தனித்தட்டுக்குப் போய்விட்டார். உமரும் ஐசும்மாவும் போகவே இல்லை. பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, கல்யாணமாகிப் போன பிறகும் ஒரே தட்டுதான். ஊரில் இதைச் சொல்லிக் கேலி செய்யாத ஆளில்லை. ராவுத்தர் மீனில் முள்ளை நீக்கி, கறியில் எலும்பை நீக்கி, நல்ல துண்டாய்ப் பார்த்து அவள் பக்கம் தள்ளுவார். அவள் பேசிக்கொண்டே தின்பாள். தட்டு காலியானால் சாப்பாடு முடிந்தது.

"உங்க சோறு உங்களுக்கு, என் சோறு எனக்கு. புதுக் கட்சி ஆரம்பிச்ச மாதிரி இருக்குங்க" என்று சிரித்தாள் ஐசும்மா, அந்த எவர்சில்வர் தட்டைப் பார்த்து.

"எல்லாம் உனக்காகத்தான் ஐசு."

"தெரியுமுங்க."

முதல் ஒரு வாரம், "நீ தின்னியா?" என்று கேட்டார். "தின்னேனுங்க" என்றாள். அப்புறம் அதுவும் ஸலாம் சொல்கிற மாதிரி ஒரு வழக்கமாகிவிட்டது. கேட்பவர் பதிலைக் கேட்கவில்லை.

தை கடைசியில் முதலமடையில் காய் இறங்கியது. அந்த வருசத்தின் முதல் சிந்தூர மாங்காயை ராவுத்தர் அறுத்து ஒரு துண்டு தின்று, "ம்" என்று சொன்ன பிறகே ஷெட்டில் வேலை தொடங்கும். இந்தத் தடவை கத்தியை வாங்கினார், அறுத்தார், மோந்து பார்த்தார், கீழே வைத்துவிட்டார். ஷெட்டைப் பார்த்துக்கொள்ளும் ஷாஜிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்ன ராவுத்தரே, மாங்காயும் ஹராமாக்கியாச்சா?"

"சர்க்கரைடா."

"மாங்கா வியாபாரி மாங்கா திங்காம நூறு வயசு வாழ்ந்து என்ன செய்யப் போறீங்க?"

"வாழ்ந்து காட்டறேன், அப்பறம் கேளு" என்று அந்தத் துண்டை அவன் வாயிலேயே திணித்தார்.

சும்மா சொல்லக் கூடாது, உடம்பு கேட்டது. தொப்பை போனது. சர்க்கரை இறங்கியது. முழங்கால் வலியென்று நாற்காலி போட்டுத் தொழுதவர் மறுபடி முதல் வரிசையில் நின்று தரையில் நெற்றி வைத்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தால், "ராவுத்தர் பத்து வயசு குறைஞ்சுட்டாரே" என்று நாலு பேர் சொல்வார்கள். வீட்டுக்கு வந்து அதை ஒன்று விடாமல் ஐசும்மாவிடம் ஒப்பிப்பார். அவளும் கேட்டுவிட்டு, "மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டீங்க" என்பாள். அந்த ஒரு வார்த்தைக்காகவே மறுநாளும் அந்தப் புளித்த தண்ணியைக் குடிக்கலாம் என்றிருக்கும் அவருக்கு.

ஒரு மரத்தைச் சுற்றி வந்தாலே அதில் எத்தனை பெட்டி காய் இறங்கும் என்று சொல்லிவிடுகிற கண் அது. தோப்பைக் குத்தகை பேசும்போது அவர் சொன்ன கணக்குத் தப்பியதே இல்லை. ஆனால் மரத்தைப் பருவத்துக்கு ஒருமுறை பார்க்கிறார். வீட்டுக்குள் நாள் முழுக்க முக்காடும் தொளதொளத்த ரவிக்கையுமாய் நடந்து திரிகிறவளை யார் நிறுத்திப் பார்க்கிறார்கள்? அவருக்கு நிற்கவே நேரமில்லை.

பங்குனியில் ஒரு நாள் ஐசும்மா ஷெட்டுக்கு வந்தாள். வருசத்துக்கு ஒருமுறை அவள் வருவாள், ஊறுகாய்க்கு வேண்டிய காயைத் தன் கையால் பொறுக்கிக்கொள்ள. வேறு யார் பொறுக்கிக் கொடுத்தாலும் அவளுக்கு ஆகாது. ஷாஜி நாற்காலி போட்டான், உட்காரவில்லை. குவியலுக்குப் பக்கத்தில் குனிந்து ஒவ்வொரு காயாய் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ராவுத்தர் லாரிக்காரனோடு பேசிக்கொண்டிருந்தார். "மாமீ!" என்று ஷாஜி கத்தியதைக் கேட்டுத் திரும்பினால், அவள் குவியலின் மேலேயே சரிந்து கிடந்தாள். முந்தானையிலிருந்த காயெல்லாம் உருண்டு ஓடியது.

ஓடிப்போய் இரண்டு கைகளாலும் அள்ளித் தூக்கினார்.

தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். சின்ன வயசில் அத்தாவின் ஷெட்டில் பெட்டி தூக்கிப் பழகிய கை. வியாபாரி ஆன பிறகும் லோடு அவசரமென்றால் தோள் கொடுக்காமல் இருந்ததில்லை. தராசு தேவையில்லை, தூக்கினால் அந்தக் கைக்கு எடை தெரியும். பெட்டிக்கு இருபது கிலோ. ரெண்டு பெட்டி. இல்லை, ரெண்டு பெட்டிகூட இல்லை.

அஞ்சு வருசத்துக்கு முன்னால் இதே ஐசும்மா குளியலறையில் கால் பிசகி விழுந்தபோது, கார் வரைக்கும் தூக்கிப்போக முடியாமல் அவருக்கு மூச்சு வாங்கியது. ஷாஜியும் ஒரு பக்கம் பிடித்தான். "கொஞ்சம் குறைச்சுத் தின்னுடி" என்று அந்த வலியிலும் அவளைக் கேலி பண்ணினார். அந்த உடம்பு எங்கே போயிற்று? என் வீட்டுக்குள்ளேயே, என் கண் முன்னாலேயே எங்கே போயிற்று?

"ஷாஜி, வண்டிய எடுடா" என்றார்.

காரில் போகும்போதே ஐசும்மா கண் விழித்துவிட்டாள். "வெயிலுங்க, வேற ஒண்ணுமில்லை. காய் பாதியில கிடக்குது" என்றாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். எலும்புதான் கையில் பட்டது.

கொல்லங்கோட்டில் செல்வப்பிரியா டாக்டர் நல்ல கைராசி. பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண், கண்டிப்பானவள். ரத்தம் எடுக்கச் சொன்னாள், தைராய்டு பார்க்கச் சொன்னாள், வயிற்றை ஸ்கேன் பண்ணச் சொன்னாள். "இப்படி எடை குறைஞ்சா எல்லாத்தையும் பாத்தாகணுமுங்க" என்றாள். எல்லாம் என்றால் என்னவென்று ராவுத்தருக்குப் புரிந்தது. அந்த வியாதியின் பேரை அவர் மனசுக்குள்கூடச் சொல்லவில்லை. ரிசல்ட் வருகிற வரைக்கும் நடக்கவும் போகவில்லை, ஒரு மாத்திரையும் எடுக்கவில்லை. தொழுகைப் பாயிலேயே கிடந்தார். "யா அல்லா, என் ஆயுசுல பாதிய வெட்டி அவளுக்குப் போடு" என்று கேட்டார். வெட்டிக் கொடுக்க எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று தெரியாமலே கேட்டார்.

ரிசல்ட்டில் ஒன்றுமில்லை. டாக்டர் ஒவ்வொரு காகிதமாய்ப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"பயப்படற மாதிரி வியாதி ஒண்ணும் இல்லீங்க. ஆனா உடம்புல சதையே இல்லை, கரைஞ்சு போச்சு. ஏம்மா, நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"எல்லாந்தான் தின்னேன்."

"எல்லாம்னா? காத்தால?"

"சாயா."

"அப்பறம்?"

"ஒரு ரஸ்க்கு."

"மத்தியானம்?"

ஐசும்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "இவருக்குச் சமைக்கும்போதே உப்புப் பாத்தமுங்களா, அப்பவே வயிறு நிறைஞ்ச மாதிரி ஆயிருது. அப்பறம் ஒரு சாயா குடிப்பேன்."

டாக்டர் ராவுத்தரைப் பார்த்தாள். "நீங்க பாக்கலீங்களா?"

பார்க்கவில்லை. இந்த ஒரு வருசமாய் இவள் உட்கார்ந்து சாப்பிட்டு அவர் பார்க்கவே இல்லை. தன் தட்டில் எத்தனை பாதாம்பருப்பு என்று தெரியும். இவள் வயிற்றில் என்ன இருக்கிறது என்று தெரியாது. வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

"பசிச்சா போட்டுத் திங்கறதுக்கு என்னம்மா?" என்று கேட்டாள் டாக்டர்.

ஐசும்மாவிடம் குற்றம் சொல்கிற குரலே இல்லை, உள்ளதைச் சொல்கிற குரல்தான். "எனக்கு எவ்வளவு வேணும்னு எனக்குத் தெரியாதுங்க. வந்த நாளா இவருதான் எம் பக்கம் தள்ளி வெப்பாரு. நான் தின்பேன். தனியா ஒரு தட்டுல போட்டு உக்காந்தா, யாரோ விருந்தாளிக்குப் போட்ட மாதிரி இருக்குங்க. தொண்டைல எறங்க மாட்டீங்குது."

ராவுத்தர் கொண்டுவந்திருந்த பையைத் திறந்து, புட்டிகளை ஒவ்வொன்றாய் மேசை மேல் வைத்தார். "இதுல எது குடுத்தா இவளுக்குச் சதை பிடிக்கும், சொல்லுங்க" என்றார்.

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "டி மாத்திரை அம்மாவுக்கு வேணும், குறைவாத்தான் இருக்குது. பி-பன்னெண்டும் எழுதித் தரேன். மத்ததெல்லாம் வேணுங்கறதில்லை. உங்களுக்கு உடம்பு தேறினது இந்தப் புட்டியால இல்லீங்க. நடந்தீங்க, எண்ணெயைக் குறைச்சீங்க, நேரத்துக்குத் தூங்குனீங்க. அதைப் பூராவும் விடாதீங்க. அம்மாவுக்கு முட்டை, மீனு, பருப்பு, தயிரு, நேரம் தப்பாமப் போகணும். முக்கியமா ஆள் துணையோட சாப்பிடணும். அதோட காத்தால ஒரு சேர்ல உக்காந்து, கைய ஊனாம எந்திரிச்சு எந்திரிச்சு உக்காரணும். தின்னது சதையாகறதுக்கு அதுதான் வழி."

"இந்த வயசுலயா? குரங்காட்டி குச்சியத் தட்டற மாதிரி?" என்றாள் ஐசும்மா.

"இன்னொருக்கா உழுந்தா இடுப்பெலும்பு போயிரும்மா. அதுக்குப் பின்னாடி எந்திரிக்கவே முடியாது" என்றாள் டாக்டர், சிரிக்காமல்.

வீட்டுக்கு வந்ததும் குழித்தட்டைப் பரண்மேல் வீசினார் ராவுத்தர். பெரிய பீங்கான் தட்டை இறக்கிக் கழுவினார். உள்ளே வைப்பது மட்டும் மாறியது. சோறு குறைந்தது. கொள்ளுப் பருப்பும் முருங்கைக்கீரையும் மத்தி மீனும் வந்தன. வெள்ளிக்கிழமை மட்டும் ஒரு துண்டு கறி. முள் நீக்கித் தள்ளுகிற கை மறுபடியும் வேலைக்கு வந்தது. நாலு நாளில் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தார்.

எங்கே சரியானது? ஐசும்மா நாலு வாய் தின்றாள், கையை எடுத்துக்கொண்டாள். "போதுமுங்க." தள்ளினார், திருப்பித் தள்ளினாள். கெஞ்சினார், சிரித்தாள். நாற்காலியைக் கூடத்தின் நடுவில் போட்டு, "ஒரு வாட்டி எந்திரிச்சுக் காட்டு" என்றால், "அடுப்புல பால் இருக்குது" என்று போய்விடுவாள். பிடிவாதம் பிடிக்கிறவளும் இல்லை அவள். பின்னே என்ன? அவருக்கு விளங்கவே இல்லை.

விளங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். இர்ஃபானா போனில் வந்து, போன வருசம் மொத்தம் அனுப்பிய புட்டிகளில் அம்மாவுக்கானது எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று கேட்டாள். டி மாத்திரையாவது அம்மா ஒழுங்காய் எடுத்திருந்தால் ரத்தத்தில் அந்தச் சத்து இந்த அளவுக்குக் குறைந்திருக்காதே என்று அவளுக்குச் சந்தேகம். ராவுத்தர் பீரோவைத் திறந்து, சேலைகளுக்குப் பின்னால் ஐசும்மாவின் புட்டிகளைக் கண்டுபிடித்தார். எல்லாம் காலி. காலிப் புட்டியைப் பத்திரமாய் எதற்கு வைத்திருக்கிறாள்? அப்போதுதான் உறைத்தது. தன்னுடைய புட்டிகள் இத்தனை மாதமாய்த் தீராமல் வந்துகொண்டே இருந்தன. மகள் தாராளமாய் அனுப்புகிறாள் என்று நினைத்திருந்தார்.

தட்டு போட்டு, மீன் வைத்து, அவள் எதிரே உட்கார்ந்த பிறகு காலிப் புட்டியைப் பக்கத்தில் வைத்தார்.

"உன் மாத்திரையெல்லாம் என் புட்டில கொட்டிட்டியா?"

ஐசும்மா புட்டியைப் பார்த்தாள். பிடிபட்ட முகம். "உங்களுக்குத்தானே அதிகமா வேணும்" என்றாள்.

"ஏன்டி?" கத்திவிட்டார். நாற்பது வருசத்தில் அவள் அந்தக் குரலைக் கேட்டதில்லை. "எதுக்கு இப்படிப் பண்றே? டாக்டரு தின்னுங்கறா, திங்க மாட்டீங்கறே. எந்திரிங்கறா, எந்திரிக்க மாட்டீங்கறே. உனக்கு என்னதான்டி வேணும்?"

அவள் சோற்றில் விரலால் சின்னதாய் ஒரு கோடு போட்டாள்.

"கோபிக்காம இருந்தாச் சொல்றேன்."

"சொல்லு."

"அன்னைக்கு ஆட்டோல உங்க கிட்டக் கேட்டனில்லீங்க. உங்க கிட்டக் கேட்டாப் போதுமா? ஆயுசு உங்க கையிலயா இருக்குது? அன்னைலருந்து அஞ்சு வக்துத் தொழுகையிலயும் அல்லா கிட்டயும் கேட்டேன். என்னைய முந்திக் கூப்பிட்டுக்கோன்னு. நான் சாவக் கேக்கலீங்க, அது பாவம். வரிசையத்தான் கேட்டேன். நீங்க தேறத் தேற, எனக்கு உடம்பு குறையக் குறைய, துஆ கபூலாச்சு, அல்லா ஏத்துக்கிட்டான்னு நெனச்சேன். எனக்கு நிம்மதியாத்தானுங்க இருந்துச்சு. அதைப் போயி நடுவுல கெடுப்பாங்களா?"

ராவுத்தர் இந்த ஒரு வருசமும் மனசுக்குள் எத்தனை தடவை அந்தக் கணக்கைப் போட்டிருப்பார்! தான் எண்பது வரை இருக்க வேண்டும், அவள் தனியாகிவிடக் கூடாது, பை தூக்கிக்கொண்டு அலையக் கூடாது. அந்தக் கணக்கின் கடைசியில் யார் மிச்சம் என்று ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தார். இந்தக் கூடம் இருந்தது. இந்தத் தட்டு இருந்தது. எதிரே ஆளில்லை.

"ஐசு" என்றார். "அப்ப நான் யாரோட திங்கறது?"

ஐசும்மா தலையைத் தூக்கினாள்.

"சொல்லு. நீ கேட்ட மாதிரியே ஆயிருச்சுன்னு வெய்யி. எனக்கு எம்பது, தொண்ணூறு. நல்லா நடக்கறேன். சர்க்கரை இல்லை, முட்டி வலி இல்லை. மத்தியானம் பசிக்குது. இங்க வந்து உக்கார்றேன். முள்ளை எடுத்து எந்தப் பக்கம் தள்றது? எனக்குத் தெரியலடி. நீயே சொல்லிட்டுப் போ."

அவர் அழுதார். ஒளிக்கவும் இல்லை, துடைக்கவும் இல்லை. சோற்றுக் கையை அப்படியே காற்றில் வைத்துக்கொண்டு, அறுபத்து நாலு வயசு மாங்காய் வியாபாரி பச்சைப் பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதார். ஐசும்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் இது தோன்றியதே இல்லை. ஆம்பளைக்கு என்ன, மகன்மார் பார்த்துக்கொள்வார்கள், மருமகள்கள் சோறு போடுவார்கள் என்றுதான் இருந்தாள். சோறு போட ஆள் கிடைக்கும். வாங்கித் தின்ன ஆள் வேண்டுமே, அதை அவள் நினைக்கவில்லை.

இடது கையால் முந்தானையை எடுத்து அவர் முகத்தைத் துடைத்தாள். "மீனு ஆறுதுங்க" என்றாள். அன்றைக்கு அவர் தள்ளியதைத் திருப்பித் தள்ளவில்லை. அவ்வளவுதான்.

மறுநாள் சுபுஹு முடிந்து ராவுத்தர் வீட்டுக்கு வரும்போது நன்றாய் விடிந்திருந்தது. நடக்கப் போக மனசில்லாமல் நேரே வந்தார். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே நாற்காலி கிறீச்சிடுகிற சத்தம்.

மெதுவாய்த் தள்ளிப் பார்த்தார். தொழுகை முக்காடுகூட எடுக்காமல், கூடத்தின் நடுவில் அந்த நாற்காலியில் ஐசும்மா உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளையும் மார்போடு கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்து, முன்னால் சாய்ந்து, முழங்கால்கள் வெடவெடக்க எழுந்தாள். ஒரு நொடி நின்றாள். பொத்தென்று உட்கார்ந்தாள். மறுபடியும் சாய்ந்தாள்.

நிமிர்ந்தபோது அவரைப் பார்த்துவிட்டாள். "ஐயோ, பாக்காதீங்க. அந்தப் பக்கம் திரும்புங்க."

ராவுத்தர் உடனே திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றார். வேட்டியும் தொப்பியுமாய், பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கிய பையன் மாதிரி. முதுகுக்குப் பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. மூச்சு இரைத்தது. மறுபடி கிறீச்சிட்டது.

"சும்மா நிக்காதீங்க" என்றாள் மூச்சுக்கு நடுவே. "எண்ணவாச்சும் செய்ங்க. நான் எந்திரிக்கறதா எண்றதா?"

அவர் கனைத்துக்கொண்டார். "ஒண்ணு" என்றார்.

"நல்லா எண்ணுனீங்க போங்க! நான் இதுக்குள்ள ஆறு எந்திரிச்சாச்சு."

"பரவாயில்லை" என்றார் ராவுத்தர், சுவரைப் பார்த்தபடியே. "ஒண்ணுலருந்தே ஆரம்பிக்கலாம்."